விதி எழுதும் பிள்ளைகள்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களை ஆக்கியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. லயம் எனும் வரிசை வீடுகளின் வாசலில் அடுப்புக்கரியால் தாயக்கட்டம் கீறினார்கள். காலையில் தொழிலாளரைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்து மண்ணில் கோடு கிழித்து ஒற்றைக்காலில் தாண்டினார்கள். மண்ணில் இரு வரிசையாகப் பதினான்கு குழி தோண்டினால் அது பல்லாங்குழி. புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து வெள்ளை தெரியச் செய்தால் அது பகடை. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பாட்டிமார் கொண்டுவந்த விதிகள் அவை. சட்டி பானையோடு கடல் கடந்து வந்தவற்றில் இந்த விதிகளுக்கு மட்டும் பாரமில்லை.

ஆயினும் வந்தபடியே அவை இருக்கவில்லை. மேல் லயத்துத் தாயத்துக்கும் கீழ் லயத்துத் தாயத்துக்கும் சிறு சிறு வேறுபாடு இருக்கும். வெட்டுப்பட்ட காய் மீண்டும் இறங்க என்ன விழ வேண்டும், கோட்டில் கால் பட்டால் ஆட்டம் போகுமா போகாதா என்பதையெல்லாம் அங்கேயே, ஆடும்போதே, சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்வார்கள். தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அக்காமார்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது. அந்தச் சின்னதுக்கும் ஆட்டத்தில் இடம் கொடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அழும், ஆட்டம் நின்றுவிடும். அதற்காகவே 'ஒப்புக்குச் சப்பாணி' என்றொரு இடம் இருந்தது. ஓடலாம், எறியலாம், ஆனால் அந்தப் பிள்ளையைத் தோற்கடிக்க முடியாது. எவரும் கற்றுக்கொடுக்காத அந்த ஏற்பாடு நல்ல ஆட்ட வடிவமைப்பு என்பது இப்போது எண்ணிப் பார்க்கையில் புலப்படுகிறது.

இன்று அதே மாவட்டத்துப் பாடசாலையில் தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். அந்தப் பாடத்தில் ஸ்க்ரட்ச் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட நிரல் மொழி அது. வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் ஒரு பூனை நடக்கும், திரும்பும், சுவரில் மோதினால் நிற்கும். மோதினால் நிற்பதா, துள்ளுவதா, ஒரு புள்ளி இழப்பதா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. அன்று விதி பாட்டியிடமிருந்து வந்தது. இன்று பிள்ளை எழுதுகிறது. பதுளையை உள்ளடக்கிய ஊவா மாகாணத்தின் தோட்டப் பிள்ளைகள் வாழ்வில் கடந்த அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றங்களை வரிசைப்படுத்தினால் இது சிறியதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஏனென்றால் அந்தப் பிள்ளையின் பாடசாலை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஆனால் அது கேட்டது ஆறு வயது முதல் பத்து வயது வரை மட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலத்தில், பள்ளிக்கூடம் என்பது பல தோட்டங்களில் ஒரே கொட்டில், ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுத்து, வாசிப்பு, கணக்கு, அதற்குமேல் இல்லை. பத்து வயதானால் பிள்ளை மலைக்கு வேலைக்குப் போகலாம் என்பதே அந்த எல்லையின் பொருள். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியிலேயே நின்றன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1977 முதல் படிப்படியாகத்தான் அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பின்னர் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. கட்டாயக் கல்வி வயது 1998இல் 5 முதல் 14 என்றானது. 2016இல் 16 வரை நீண்டது. ஆறிலிருந்து பத்து, இன்று ஐந்திலிருந்து பதினாறு. நான்கு ஆண்டு பதினொன்றாக வளர்வதற்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு பிடித்திருக்கிறது.

அந்தப் பழைய கொட்டிலில் விளையாட்டு இருந்ததா? வகுப்புக்கு வெளியே இருந்தது. உள்ளே சிலேட்டும் மணலும் பிரம்பும். விளையாட்டு, படிப்புக்கு எதிரி என்று ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றாகவே நம்பினார்கள். படிக்கக் கிடைத்த நாலு வருடத்தில் ஒரு மணி நேரத்தை ஆட்டத்துக்கு இழக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை.

விளையாட்டு வகுப்புக்குள் வந்தது 1990களின் இறுதியில். ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கியது. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம்; தரம் 3, 4இல் விளையாட்டும் மேசை வேலையும் ஏறத்தாழச் சமம்; தரம் 5இல் மேசை வேலை மேலோங்கும் என்பது அதன் திட்டம். அதன்பின் தோட்டப் பாடசாலைகளின் சுவர்களிலும் எண் அட்டைகள் தொங்கின, சோடாமூடி கோத்த மணிச்சட்டங்கள் வந்தன, பிரிஸ்டல் போர்டில் வரைந்த பாம்பும் ஏணியும் வந்தது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையின் பின்புறத்தில் கட்டம் போட்ட தலைமுறைக்கு அடுத்தது இது; இப்போது தேயிலையே பலகைப் பெட்டியை விட்டுக் கடதாசி மூட்டைக்கு மாறிவிட்டது.

ஆனால் அந்த அட்டைகளையெல்லாம் செய்தவர் ஆசிரியர். இரவில் உட்கார்ந்து, சொந்தக் காசில் நிறப் பேனா வாங்கி, கைவலிக்க வெட்டி ஒட்டிய ஆசிரியைமார் அந்த மாற்றத்தைத் தோளில் சுமந்தார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது முடிந்த ஆட்டம். விதி மேலிருந்தே வந்தது. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் அந்த அட்டைகளும் அலுமாரிக்குள் போயின.

பிள்ளையே ஆட்டத்தை ஆக்கினால் என்ன நடக்கும் என்ற கேள்வி உலகில் வேறிடங்களில் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் முதலானோர் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் யாஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொடக்கப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரிடம் ஒரு வேலை கொடுத்தார்: உங்களுக்குக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் கற்றுத்தரும் ஆட்டமொன்றை லோகோவில் ஆக்குங்கள். ஆறு மாத வேலை அது. 1995இல் அதைப் பற்றி நூலும் வந்தது. பிள்ளைகள் பின்னத்தை நன்றாகக் கற்றார்கள், நிரல் எழுதுவதையும் கற்றார்கள். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு குறை இருந்தது. வீரன் குகைக்குள் போவான்; கதவில் ஒரு பின்னக் கணக்கு; சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். அந்தக் கணக்கை எடுத்துவிட்டு அங்கே ஒரு தலைநகரப் பெயரைக் கேட்டாலும் ஆட்டம் மாறாது. பாடம் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம்.

முதன்முதலாக ஆட்டம் ஆக்கும் எந்தப் பிள்ளையும், ஆசிரியரும்கூட, தொடங்குவது இங்கேதான். பாம்பும் ஏணியும் வரைவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'ஏழெட்டு எத்தனை?' என்று ஒரு கேள்விச் சீட்டு வைப்பார்கள். கட்டம் நூறு இருக்கும். ஒரு பகடையின் சராசரி மூன்றரை. ஏணியும் பாம்பும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று வைத்தால் நூறைத் தொட ஒருவர் இருபத்தெட்டு, இருபத்தொன்பது முறை வீச வேண்டும். நாலு பேர் ஆடினால் நூறு வீச்சுக்கு மேல். கேள்வியோடு சேர்த்து வீச்சுக்கு அரை நிமிடம் என்றாலும் ஐம்பது நிமிடம் தாண்டும். பாடவேளை நாற்பது நிமிடம் என்று கொள்வோம். மணி அடிக்கும்போது ஆட்டம் எழுபதாவது கட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கட்டத்தை முப்பத்தாறாகக் குறைத்தால் ஆளுக்குப் பத்து வீச்சு, மொத்தம் இருபது நிமிடம். ஆடிய பிறகு பேசவும் நேரம் மிஞ்சும். இதை ஒரு பிள்ளை அட்டையில் ஆடிப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடும். கணினியில் ஒரு வாரம் படம் வரைந்து நிறம் தீட்டிய பிறகு கண்டுபிடித்தால் அதை மாற்ற மனம் வராது.

இதனால்தான் முதல் மாதிரி கடதாசியில் இருக்க வேண்டும் என்கிறேன். கணினி இல்லாத குறைக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. பத்துக் கணினி இருக்கும் பாடசாலைக்கும் இதுவே முறை. அட்டையில் செய்த ஆட்டத்தை வேறொருவர் கையில் கொடுத்து, ஆக்கியவர் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எங்கே விழிக்கிறார்கள், எங்கே ஏமாற்றப் பார்க்கிறார்கள், எங்கே சலித்துக் கொட்டாவி விடுகிறார்கள் என்று கண்ணால் கண்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் பென்சிலால் விதியைத் திருத்திவிடலாம். பிரட்டுக்களத்தில் அன்று நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அந்தப் பழைய ஆட்டங்களுக்குள் கணக்கும் இருக்கிறது. உரைத்த புளியங்கொட்டை நாலை வீசினால் ஒவ்வொன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழும்; இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று கொண்டால் மொத்தம் 16 வகை. அவற்றில் இரண்டு வெள்ளை விழுவது ஆறு வகை. ஒன்றும் மூன்றும் நாலு நாலு வகை. நாலும் வெள்ளை ஒரே வகை, நாலும் கறுப்பு ஒரே வகை. ஆறு முகப் பகடையிலோ எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. ஒரே அட்டையில் ஒரு முறை பகடையாலும் ஒரு முறை புளியங்கொட்டையாலும் ஆடச் சொன்னால் ஆட்டத்தின் நடையே மாறுவதைப் பிள்ளை உணரும். நிகழ்தகவு என்ற பாடம் பின்னால் வரும்போது அது புதிதாக இராது.

பாடமும் ஆட்டமும் ஒட்டி நிற்பதற்கும் வெளியே தேட வேண்டியதில்லை. கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்ளலாம். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுக்கிறார். அதில் சில கிலோக் கொழுந்து. தொடர்ந்து பறிப்பதா, இருப்பதோடு கொழுந்து மடுவத்துக்குப் போய் நிறுப்பதா என்பது அவர் முடிவு. தாமதித்தால் மழைச் சீட்டு வரலாம். ஈரக் கொழுந்துக்குப் பத்தில் ஒன்று கழிவு. 18 கிலோவில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று இங்கே எவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அது தெரியாமல் ஆட முடியாது. அம்மாவின் கூடையில் எத்தனை கழிந்தது என்று வீட்டில் பேசக் கேட்ட பிள்ளைக்குப் பின்னம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

வரலாற்றுக்கு இன்னும் பெரிய ஒன்று காத்திருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்களின் பாதையை மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு வரைபடம் வரைந்து, பகடையும் சீட்டும் வைத்து ஆடும் ஆட்டமொன்றை ஆக்கிக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற இரு கணித ஆசிரியர்கள் அதைக் கணினிக்கு எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வகுப்பில் ஆடப்பட்ட 'ஒரிகன் டிரெயில்' கல்வி ஆட்டங்களிலேயே மிகப் புகழ்பெற்றதாக வளர்ந்தது. அதன் முதல் மாதிரியும் கடதாசிதான். சில ஆண்டு கழித்து ராவிட்ச் பழைய பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய் எத்தனை முறை வந்தது, வண்டி எத்தனை முறை முறிந்தது என்று பார்த்து ஆட்டத்தின் எண்களைத் திருத்தினார்.

நம்முடைய மூதாதையர் நடந்த பாதை இல்லையா? தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர்கள் மாத்தளையை அடைந்து மலையேறினார்கள். அந்தப் பயணத்தின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. இதை ஆட்டமாக்கும் பிள்ளை சில கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகும் என்றால் ஆட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்குமா, பூச்சியத்துக்குக் கீழிருந்து தொடங்குமா? தண்ணீர் எங்கே கிடைத்தது? நடக்க முடியாதவரை என்ன செய்தார்கள்? வெற்றி என்று எதைச் சொல்வது, மலையை அடைவதையா, கடன் தீர்வதையா? பாட்டியிடமும் புத்தகத்திடமும் கேட்காமல் இந்த விதிகளை எழுத முடியாது. பாடநூலில் ஒரு பந்தியாகக் கடந்துபோகும் வரலாறு, விதி எழுதும்போது ஒவ்வொரு அடியாக எழுந்து நிற்கும். தோட்டப் பாடசாலைகளில் ஆக்கப்பட வேண்டிய முதல் பெரிய ஆட்டம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

கிடைத்ததையும் இழந்ததையும் இனிச் சொல்லலாம். கிடைத்தது பிள்ளைக்கு ஆக்கும் உரிமை. அடுப்புக்கரிக் கட்டம் மழைக்கு அழிந்தது. இன்று ஆக்கியது கோப்பாக நிற்கிறது, அடுத்த தவணை எடுத்துத் திருத்தலாம், பசறையில் ஆக்கியதை அப்புத்தளையில் ஒரு பிள்ளை திறந்து மாற்றலாம். 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது; கணினியியல் பட்டம் இன்று லயத்துப் பிள்ளையின் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தங்கையைத் தூக்கிக்கொண்டு நடுவராக நின்று பத்து வயதில் மலைக்குப் போன அந்த அக்கா இன்று பிறந்திருந்தால் ஆட்ட வடிவமைப்பாளராக வந்திருக்கலாம். மிகையாகச் சொல்லவில்லை, அந்த வேலைக்கு வேண்டிய கண் அவளிடம் இருந்தது.

இழந்தது முற்றம். ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றாக ஆடிய இடம் அது. திரைக்கு முன் ஒருவர், மிஞ்சினால் இருவர். கணினி விதியை வளைக்காது. யாராவது எழுதிவைத்தால் ஒழிய அதற்கு ஒப்புக்குச் சப்பாணியைத் தெரியாது. ஆட்டத்தை நிறுத்திச் சண்டை பிடித்து விதியை மாற்றும் அந்தப் பழக்கம் போனால், ஆட்டம் ஆக்குவதன் பாதிக் கல்வி போய்விடும். கைபேசி வாங்கிய வீட்டில் பிள்ளை பெரும்பாலும் பிறர் ஆக்கிய ஆட்டத்தையே ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் விதியில் அது கைவைக்க முடியாது. இந்த வகையில் கரிக்கட்டத்துப் பிள்ளைக்கு இருந்த அதிகாரம் இந்தப் பிள்ளைக்கு இல்லை.

கருவிக்கும் கைக்கும் இடையே உள்ள தூரமும் குறைந்துவிடவில்லை. 2019இல் நாட்டில் கணினி அறிவுள்ளோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தோட்டத்துறையில் அந்த அளவில் பாதியும் இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைபேசிக்குப் போனது. அடுத்த ஆண்டு ஊவாவின் கிராமமொன்றில் இணைய அலை தேடி ஆசிரியையும் பிள்ளைகளும் பாறைமேல் ஏறிய படங்களை உலகம் பார்த்தது. 2022 மார்ச்சில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். அந்தக் கூலியில் கணக்கிட்டால் சாதாரண மடிகணினி ஒன்றுக்குத் தாயின் நூறு நாள் உழைப்பு போகும். ஒரு கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றால் சுட்டியைப் பிடிப்பவர் ஒருவர். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதே ஏழெட்டுப் பேரிடம் ஒரு அட்டையும் நாலு புளியங்கொட்டையும் கொடுத்தால் எல்லோருக்கும் வேலை இருக்கும். பிறகு அவர்கள் கணினிக்கு வரும்போது என்ன செய்ய வந்தோம் என்று தெரிந்து வருவார்கள்.

ஆகவே ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலை அதிபர்களுக்கும் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தரம் 6இன் முதல் தவணையில் ஸ்க்ரட்சைத் திறப்பதற்கு முன் நாலு பாடவேளையை அட்டைக்கு ஒதுக்குங்கள். முதலாவதில் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஆட்டமொன்றின் விதிகளை எழுதட்டும். இரண்டாவதில் ஒரு விதியை மட்டும் மாற்றி ஆடட்டும். மூன்றாவதில் தங்கள் பாடமொன்றை அதற்குள் கொண்டுவரட்டும். நாலாவது பாடவேளைக்குத் தரம் 2 பிள்ளைகளை அழைத்து வந்து ஆடச் செய்யுங்கள். ஆட்டம் விளங்குகிறதா என்பதைச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் பாடசாலையில் இல்லை.